பள்ளி முதல்வர் பதவிக்கு ஒப்பந்தம் வந்திருக்கிறது. சம்பளத்தைத் தவிர எதைக் கேட்பது?

சன்னலோர இருக்கை:

வணக்கம். நான் 19 வருடமாகப் பள்ளி ஆசிரியர், அதில் கடைசி 6 வருடம் துணை முதல்வர். இப்போது முதல் முறையாக வேறொரு பள்ளியில் முதல்வர் பதவி கிடைத்திருக்கிறது. மூன்று சுற்று நேர்காணல், ஆசிரியர்களோடு ஒரு நாள் முழுக்கச் சந்திப்பு எல்லாம் முடிந்து, 11 பக்க ஒப்பந்த வரைவை அனுப்பியிருக்கிறார்கள். பத்து நாளுக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம். இரண்டு நாள் போய்விட்டது.

இதுவரை எனக்கு வந்த பணி ஆணை எல்லாம் ஒரே பக்கம்தான். சம்பளம் இருக்கும், சேர வேண்டிய தேதி இருக்கும். அதில் பேச என்ன இருக்கிறது என்று வாங்கி வைத்துக்கொள்வேன். இந்த வரைவை நான்கு முறை படித்துவிட்டேன். உறுத்துகிற இடங்களைச் சொல்கிறேன்.

மூன்று வருட ஒப்பந்தம், முதல் வருடம் தகுதிகாண் பருவம். அவர்கள் என்னை விடுவிக்க 30 நாள் நோட்டீஸ் போதும். நான் விலக நினைத்தால் 6 மாதம் கொடுக்க வேண்டும். சம்பளத்தில் 15 சதவீதம், "நிர்வாகம் அவ்வப்போது நிர்ணயிக்கும் இலக்குகளை" எட்டினால்தான் வரும். வளாகத்திலேயே வீடு. மகளுக்கு முழுக் கட்டண விலக்கு. அடுத்த வருடம் அவளுக்குப் பொதுத்தேர்வு. விலகிய பின் 2 வருடம் வேறு எந்தக் கல்வி நிறுவனத்திலும் வேலை பார்க்கக் கூடாது. என்மேல் புகார் வந்து விசாரணை நடந்தால், அது முடியும்வரை சம்பளம் கிடையாது.

இதெல்லாம் இருக்கட்டும். நேர்காணலில் நிர்வாகக் குழுத் தலைவரே சொன்னார், ஆசிரியர் நியமனம் முழுக்க உங்கள் பொறுப்பு, துணை முதல்வரையும் நீங்களே பார்த்து எடுத்துக்கொள்ளலாம் என்று. நான் சரி என்றதற்கே அதுதான் காரணம். வரைவில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. "முதல்வர் நிர்வாகத்தின் அறிவுறுத்தலின்படி செயல்படுவார்" என்று மட்டும் இருக்கிறது.

நிறையக் கேட்டால், சேர்வதற்கு முன்பே இவ்வளவு கேட்கிறாரே என்று நினைத்து வேறு ஆளைப் பார்த்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. எதைக் கேட்கலாம், எதை விட்டுவிடலாம்? இந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

தராசு முள்:

முதலில் சம்பளத்தைப் பேசி முடியுங்கள் மேடம். சேரும்போது எந்தத் தொகையில் சேர்கிறீர்களோ, பிறகு வரும் ஒவ்வொரு உயர்வும் அதன்மேல்தான் ஏறும். அந்த 15 சதவீதத்தை அடிப்படைச் சம்பளத்தோடு சேர்க்கச் சொல்லுங்கள். மற்ற ஷரத்துகள் எல்லாப் பள்ளியிலும் அப்படித்தான் இருக்கும், மாற்ற மாட்டார்கள்.

மாலை மணி:

சகோதரி, உங்கள் பதிவைப் படித்ததும் என் பழைய ஒப்பந்தம்தான் கண் முன்னே வந்தது. இரண்டு பள்ளிகளில் முதல்வராக இருந்திருக்கிறேன். இரண்டாவது பள்ளியில் ஓய்வுபெறும் வரை இருந்தேன். முதல் பள்ளியில் 14 மாதம். அந்த 14 மாதத்தைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வேண்டும்.

தராசு முள் சொன்னதுபோலத்தான் நானும் சம்பளத்தை மட்டும் பேசினேன். 8 சதவீதம் கூட்டிக் கொடுத்தார்கள். பெரிய வெற்றி என்று நினைத்து, மீதிப் பக்கங்களை ஒரே மாலையில் புரட்டிக் கையெழுத்துப் போட்டேன். என்னைத் தேர்ந்தெடுத்த தலைவர் நல்ல மனிதர். வாயால் சொன்னதை எல்லாம் காப்பாற்றினார். பதிமூன்றாம் மாதம் உடல்நலம் சரியில்லாமல் அவர் விலகினார். புதிதாக வந்தவர் கணித ஆசிரியர் பணிக்கு ஒருவரை அனுப்பி, இவரை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னேன். பின்னக் கணக்கு ஒன்றைப் பலகையில் தப்பாகப் போட்டார். ஒரு பையன் எழுந்து சொன்னதற்கு அவனை அதட்டி உட்கார வைத்தார். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். மூன்றாவது வாரம் எனக்குக் கடிதம் வந்தது. "நிர்வாகக் காரணங்களுக்காக." எனக்கும் உங்களுக்குப் போலவே 30 நாள்தான்.

கல்வியாண்டின் நடுப்பகுதி அது. 30 நாளில் வளாக வீட்டைக் காலி செய்ய வேண்டும். மகன் இறுதித் தேர்வு எழுதும் வகுப்பு. கட்டண விலக்கு "பணியில் இருக்கும் காலம்வரை" என்று இருந்தது. மீதி வருடத்துக்கு முழுக் கட்டணம் கட்டினேன். அந்த நேரத்தில் பள்ளியை மாற்ற முடியாது என்பதால் பக்கத்திலேயே வாடகைக்கு வீடு பிடித்தோம். என்னை வெளியே அனுப்பிய பள்ளிக்குள் என் மகன் தினமும் சீருடையோடு போய் வந்தான். இதை இன்றைக்கு எழுதும்போதும் தொண்டை அடைக்கிறது.

வேலை தேடலாம் என்றால், முதல்வர் நாற்காலி கல்வியாண்டின் நடுவில் எங்கும் காலியாக இருக்காது. பல பன்னாட்டுப் பள்ளிகள் அடுத்த முதல்வரை ஒரு வருடத்துக்கு மேல் முன்கூட்டியே தேர்ந்தெடுத்துவிடும். ஆசிரியராகப் போகலாம் என்றால், முதல்வராக இருந்தவரை எடுக்கத் தயங்குவார்கள். ஒன்பது மாதம் வருமானம் இல்லாமல் இருந்தேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். 14 மாதத்தில் அந்த 8 சதவீதம் எனக்குத் தந்தது மொத்தமாக ஒரு மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம் மேலே. போனது ஒன்பது மாதச் சம்பளம், ஒரு வீடு, மீதி வருடத்துப் பள்ளிக் கட்டணம்.

அதனால் உங்கள் வரைவில் நான் முதலில் கை வைப்பது நோட்டீஸ் ஷரத்தில். இரு தரப்புக்கும் ஒரே காலம் என்று கேளுங்கள். அதைவிட முக்கியம், நோட்டீஸ் எப்போது கொடுத்தாலும் பணி முடிவது கல்வியாண்டின் கடைசி நாளாக இருக்க வேண்டும். நடுவில் அனுப்ப நினைத்தால் அந்தக் கடைசி நாள்வரையான சம்பளத்தைக் கொடுத்து அனுப்பட்டும். இதைப் பள்ளியின் நன்மையாகவும் சொல்லலாம். நடுவில் நீங்கள் விட்டுப் போனாலும் அவர்களுக்கு அதே சிரமம்தானே.

அடுத்தது மகள். "பணி எக்காரணத்தால் முடிந்தாலும், பொதுத்தேர்வு முடியும்வரை கட்டண விலக்கு தொடரும்." இந்த ஒரு வரிக்காக நீங்கள் வேறு மூன்றை விட்டுக்கொடுத்தாலும் தப்பில்லை. பள்ளிக்கு இதில் பெரிய செலவு எதுவும் கிடையாது. வகுப்பில் ஏற்கெனவே இருக்கும் ஒரு இடம், அவ்வளவுதான். வீட்டுக்குக் கடைசி வேலை நாளிலிருந்து 90 நாள் கேளுங்கள்.

15 சதவீதத்துக்கு இலக்குகளை யார், எப்போது எழுதுவது என்று வரைவில் இல்லை. கல்வியாண்டு தொடங்கி 60 நாளுக்குள் இருவரும் கையெழுத்திட்ட ஒரு தாளில் இலக்குகள் இருக்க வேண்டும், அப்படி எழுதாமல் போனால் இலக்கு எட்டப்பட்டதாகவே கொள்ள வேண்டும் என்று கேளுங்கள். முதல் வருடத்துக்குத் தேர்வு முடிவை இலக்காக வைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். நீங்கள் போய் உட்காரும் வருடம் தேர்வெழுதும் பிள்ளைகள், உங்களுக்கு முன்பிருந்தவர் காலத்தில் படித்து வந்த பிள்ளைகள். நல்ல பெயரோ கெட்ட பெயரோ அது உங்களுடையது ஆகாது. அவர்களே ஒப்புக்கொள்வார்கள், சொல்லிப் பாருங்கள்.

நியமன அதிகாரம் பற்றித் தலைவர் சொன்னது உண்மையாகவே இருக்கட்டும், அவர் நல்லவராகவே இருக்கட்டும். எனக்குச் சொன்னவரும் நல்லவர்தான். அவர் போன பிறகு வருகிறவர் காகிதத்தைத்தான் பார்ப்பார். இரண்டாவது பள்ளியில் நான் இதை நேராகவே பேசினேன். "நான் போகப்போகும் நாளைப் பற்றி இன்றைக்கே பேசிவிடலாம், இன்றைக்குத்தான் நமக்குள் நல்லெண்ணம் நிறைய இருக்கிறது" என்றேன். அந்தத் தலைவர் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். பிறகு பேனாவை எடுத்து வரைவின் ஓரத்தில் எழுதத் தொடங்கினார்.

வரைவு வாசகன்:

வேலை ஒப்பந்தங்களைப் பார்க்கும் வழக்கறிஞர் நான். மாலை மணி அம்மா சொன்னதில் சட்டப்படி சேர்க்க வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

மேடம், கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். "இந்த ஒப்பந்தமே முழு உடன்பாடு, இதற்கு முன் பேசிய எதுவும் கட்டுப்படுத்தாது" என்ற பொருளில் ஒரு வரி அநேகமாக இருக்கும். அப்படி இருந்தால், தலைவர் நேர்காணலில் சொன்னதை நீங்கள் கையெழுத்திடும் நொடியில் நீங்களே விட்டுக்கொடுத்ததாக வாதாடுவார்கள். மின்னஞ்சலில் வாங்கி வைத்தால் போதுமா என்று கேட்பீர்கள். அந்த வரி இருக்கும்போது போதாது. ஒப்பந்தத்துக்குள்ளோ, ஒப்பந்தத்தின் பகுதி என்று குறிப்பிட்ட இணைப்பிலோ வர வேண்டும்.

இரண்டு வருடம் வேறு நிறுவனத்தில் வேலை செய்யக் கூடாது என்ற தடை நாட்டுக்கு நாடு வேறுபடும். இந்தியாவில் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி, பணி முடிந்த பிறகும் நீளும் இப்படிப்பட்ட தடை பொதுவாகச் செல்லாது. கலிபோர்னியாவிலும் 1872-லிருந்து சட்டம் ஏறக்குறைய அதே நிலைதான். இங்கிலாந்தில் தடை நியாயமான அளவில் இருக்கிறதா என்று நீதிமன்றம் பார்க்கும். எந்தக் கல்வி நிறுவனத்திலும் கூடாது என்பது எங்கேயும் நியாயமாகத் தெரியாது. ஆனாலும் "எப்படியும் செல்லாது" என்று அதை அப்படியே விடாதீர்கள். அடுத்த பள்ளி உங்களை எடுக்க நினைக்கும்போது இந்த வரியைக் காட்டி ஒரு கடிதம் போனாலே அவர்கள் பின்வாங்கிவிடுவார்கள். வழக்காடி ஜெயிப்பதற்குள் அந்த நாற்காலி நிரம்பியிருக்கும். பள்ளியின் கவலை, நீங்கள் போகும்போது ஆசிரியர்களையும் கூட்டிக்கொண்டு போவீர்களோ என்பதுதான். அதற்கு மட்டும் ஒரு வருடத் தடை போதும் என்று மாற்றிக் கேளுங்கள்.

விசாரணைக் காலச் சம்பளத்தை விடவே விடாதீர்கள். பள்ளித் தலைமையில் இருப்பவர்மேல் பிள்ளைகளின் பாதுகாப்பு சம்பந்தமாகப் புகார் வந்தால், அவரை வளாகத்துக்கு வெளியே நிறுத்தி விசாரிப்பது சரியானது. அதை நீங்களே முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் இடைநீக்கம் தண்டனை ஆகாது. முழுச் சம்பளம், விசாரணைக்கு ஒரு கால வரம்பு, குற்றச்சாட்டு எழுத்தில், பதில் சொல்ல வாய்ப்பு. இந்த நான்கும் வேண்டும்.

உங்கள் பதிவில் இல்லாத ஒன்று. முதல்வராக நீங்கள் எடுக்கும் முடிவுக்காக ஒரு பெற்றோர் உங்கள் பெயரில் தனிப்பட்ட வழக்குப் போட்டால் செலவு யாருடையது? நல்லெண்ணத்தோடு கடமையைச் செய்ததற்காக வரும் வழக்குகளின் செலவைப் பள்ளி ஏற்கும் என்றும், பணியிலிருந்து விலகிய பின் வரும் வழக்குக்கும் இது பொருந்தும் என்றும் எழுதச் சொல்லுங்கள். வழக்குகள் பெரும்பாலும் நாம் போன பிறகுதான் வந்து சேரும்.

ஒப்பந்தக் காலம் முடியும் முன் உங்களை அனுப்பினால் தர வேண்டிய இழப்பீட்டுத் தொகையைக் கேட்கும்போது உங்கள் நாட்டில் உச்சவரம்பு உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கலிபோர்னியாவில் 2016 ஜனவரி 1 முதல் செய்யப்படும் ஒப்பந்தங்களில், அரசுப் பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளருக்கு (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை எல்லாம் நிர்வகிப்பவர்) அதிகபட்சம் 12 மாதச் சம்பளம்தான் இழப்பீடாகத் தரலாம். மீதியுள்ள ஒப்பந்தக் காலம் அதைவிடக் குறைவு என்றால் அவ்வளவுதான்.

கல்லூரியில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று. பதவிக்காலம் முடிந்ததும் பேராசிரியராகத் திரும்பும் உரிமையைக் கேளுங்கள். இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறையிலேயே, கல்லூரி முதல்வருக்கு 5 வருடப் பதவிக்காலம், மதிப்பீட்டின் பேரில் இன்னொரு 5 வருடம், முடிந்த பிறகு தாய் நிறுவனத்துக்குப் பேராசிரியராகத் திரும்புவது என்று இருக்கிறது.

11 பக்கத்தையும் உங்கள் ஊரில் வேலைச் சட்டம் பார்க்கும் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். இங்கே நாங்கள் பார்ப்பது நீங்கள் சொன்ன ஆறு வரிகளை மட்டும்தான்.

மேசைக்கு அந்தப் பக்கம்:

நான் பள்ளி நிர்வாகக் குழுவில் 12 வருடம் இருந்தவன். நான்கு முதல்வர்களின் நியமனத்தில் பங்கு உண்டு. உங்கள் பயத்துக்கு மட்டும் பதில் சொல்ல வருகிறேன்.

கேட்டதற்காக யாரையும் நாங்கள் கைவிட்டதில்லை அம்மா. வரைவு அனுப்பும் கட்டத்துக்கு வருவதற்குள் குழு மாதக்கணக்கில் உழைத்திருக்கும். இரண்டாம் இடத்தில் இருந்தவர் பெரும்பாலும் வேறு இடத்தில் சேர்ந்திருப்பார். ஆசிரியர்களிடம் உங்கள் பெயரைச் சொல்லியும் இருப்பார்கள். மறுபடி முதலிலிருந்து தொடங்க யாருக்கும் மனம் வராது.

எங்களுக்கு எரிச்சல் வந்தது ஒரே ஒருவரிடம். அவர் திங்கட்கிழமை ஒன்று கேட்டார், கொடுத்தோம். வியாழக்கிழமை இன்னொன்று. அதற்கும் ஒப்புக்கொண்ட பிறகு முதலில் பேசியதையே மறுபடி எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் நான் குழுவில் ஐந்து பேரைக் கூட்ட வேண்டும். நீங்கள் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். எது இல்லாமல் சேர முடியாது, எது பேசித் தீர்க்கலாம் என்று பிரித்து எழுதுங்கள். அனுப்புவதற்கு முன் தலைவருக்குப் போன் செய்து, இப்படி ஒரு பக்கம் வருகிறது என்று சொல்லிவிடுங்கள். மனிதவளத் துறையோடு மட்டும் பேசாதீர்கள், அவர்களுக்கு வரைவை மாற்றும் அதிகாரம் இருக்காது. பத்து நாள் போதாது என்றால் இன்னும் ஒரு வாரம் கேளுங்கள்.

எங்கள் பக்கத்துச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. உங்களுக்குக் கொடுப்பதை நாங்கள் மற்ற ஆசிரியர்களுக்கு முன் நியாயப்படுத்த முடிய வேண்டும். பிரிட்டனில் பல்கலைக்கழக நிர்வாகக் குழுத் தலைவர்களின் அமைப்பு 2018-ல் மூத்த அலுவலர் ஊதியத்துக்கு நெறிமுறை கொண்டுவந்ததே இதனால்தான். தன் ஊதியத்தைத் தீர்மானிக்கும் இடத்தில் எவரும் தானே இருக்கக் கூடாது, விலகும்போது தரும் தொகைக்கு நியாயம் காட்ட முடிய வேண்டும் என்று அதில் இருக்கிறது. மாலை மணி அம்மா சொன்ன கட்டண விலக்கையும் நோட்டீஸையும் நான் எந்த ஆசிரியர் கூட்டத்திலும் எழுந்து நின்று விளக்குவேன். இரண்டு வருடச் சம்பளம் இழப்பீடு என்றால் எனக்கு வாய் வராது.

இரண்டு தரப்பும் கையெழுத்திட்ட பிரதி கைக்கு வரும்வரை இப்போதைய வேலையை ராஜினாமா செய்யாதீர்கள்.

சன்னலோர இருக்கை:

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். உங்கள் எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

ஒரு பக்கம் எழுதினேன். அனுப்பும் முன் தலைவருக்குப் போன் செய்தேன். குரல் நடுங்கியது, அவருக்கும் தெரிந்திருக்கும். "அனுப்புங்கள், பார்ப்போம்" என்று மட்டும் சொன்னார். நான்கு நாள் பதிலே இல்லை. நேற்று திருத்திய வரைவு வந்தது.

இரு தரப்புக்கும் 6 மாத நோட்டீஸ், பணி முடிவது கல்வியாண்டின் கடைசி நாள். மகளுக்குத் தேர்வு முடியும்வரை கட்டண விலக்கு, எக்காரணத்தால் என்ற சொல்லோடு. வீட்டுக்கு 90 நாள் கேட்டேன், 60 கொடுத்திருக்கிறார்கள். விசாரணைக் காலத்தில் முழுச் சம்பளம், 60 நாள் வரம்பு. ஆசிரியர்களை அழைத்துப் போகக் கூடாது என்ற ஒரு வருடத் தடை மட்டும் இருக்கிறது. வழக்குச் செலவையும் ஏற்றுக்கொண்டார்கள். 15 சதவீதத்தை அடிப்படையில் சேர்க்க மறுத்துவிட்டார்கள், ஆனால் இலக்குகள் 60 நாளுக்குள் எழுத்தில் வரும். கடைசிப் பக்கத்தில் நீங்கள் சொன்ன அந்த "முழு உடன்பாடு" வரி இருந்தது ஐயா. நான் அதைக் கவனிக்கவே இல்லை.

நியமனத்தில்தான் இழுபறி. துணை முதல்வரை நான் பரிந்துரைக்கலாம், முடிவு குழுவுடையது என்கிறார்கள். ஆசிரியர் நியமனத்தில் "முதல்வரின் எழுத்துப்பூர்வ ஆட்சேபத்தைக் குழு கருத்தில் கொள்ளும்" என்று இருக்கிறது. கருத்தில் கொள்ளும் என்றால் என்ன அர்த்தம்? மாலை மணி அம்மா, நீங்களாக இருந்தால் கையெழுத்துப் போடுவீர்களா?

மாலை மணி:

கருத்தில் கொள்ளும் என்றால், படித்துவிட்டு ஓரமாக வைக்கலாம் என்றும் அர்த்தம். இன்னும் ஒன்றே ஒன்று கேளுங்கள். உங்கள் ஆட்சேபம் குழுக் கூட்டக் குறிப்பில் பதிவாக வேண்டும். அதை மீறி நியமித்தால், அந்த ஒரு சூழலில் மட்டும் நீங்கள் 60 நாள் நோட்டீஸில் விலகலாம். உங்கள் பேச்சைத் தள்ளிவிட்ட குழுவோடு ஆறு மாதம் அதே அறையில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். அந்தக் கணித ஆசிரியரை என் நோட்டீஸ் காலத்திலேயே நியமித்தார்கள். நியமன ஆணையில் என் கையெழுத்தையே கேட்டார்கள்.

இதற்கு மறுத்தால்? நானாக இருந்தால் அப்போதும் கையெழுத்துப் போடுவேன். மகளின் வரி கிடைத்துவிட்டது, கல்வியாண்டின் கடைசி நாள் கிடைத்துவிட்டது. எனக்கு இல்லாமல் போனவை இந்த இரண்டும்தான். வீட்டுக்கு 60 நாள் சமாளித்துவிடலாம்.

ஒவ்வொரு பக்கத்திலும் இரு தரப்புக் கையெழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் அசல் பிரதியை அலுவலகத்திலோ வளாக வீட்டிலோ வைக்காதீர்கள், அம்மா வீட்டில் கொடுத்து வையுங்கள். என்னுடையது என் அறை அலமாரியில் இருந்தது. கடிதம் வந்த அன்று மாலை அந்த அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.